கண்ணாடிக்குள் காளியாயி

கொக்குப்பாறைத் தோட்டத்துப் பெரிய துரை தவறு செய்ததே கிடையாது. இதை யாரும் முகஸ்துதியாகச் சொல்லவில்லை. ஆபீஸ் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். வந்த புதிதில் அவர் தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் நின்ற பலாமரத்தைப் பிரம்பால் தட்டி, "நல்ல மாமரம்" என்றார். அன்றிலிருந்து அது மாமரம். வருஷாவருஷம் அதில் காய்த்த பலாப்பழங்கள் மாம்பழம் என்று பதியப்பட்டு, ஆளுக்கொன்றாகத் தலையில் ஏறிப் பங்களாவுக்குப் போயின.

இன்னொரு நாள், காலைப் பெரட்டுக்குத் துரை முக்கால் மணி நேரம் பிந்தி வந்தார். பெரட்டு என்பது விடியும்போது ஆட்களை வரிசையாக நிறுத்தி, செக்குரோல் புத்தகத்தில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் சடங்கு. துரை பிந்தி வந்தார் என்று எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை. ஆகவே பெரிய கிளாக்கர் அம்பலவாணர் நாற்காலி போட்டு ஏறி, ஆபீஸ் கடிகாரத்தை முக்கால் மணி பின்னுக்குத் திருப்பினார். அன்று முதல் அட்டன் ஸ்டேசனில் ஒரு நேரம், தோட்டத்தில் ஒரு நேரம். சாயந்தரம் வேலை விடும் நேரமும் முக்கால் மணி தள்ளிப் போயிற்று. ஆட்கள் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டிய நேரத்தை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு மனிதர் தவறே செய்யாமல் இருப்பது லேசான காரியமில்லை. அதற்காகப் பெரிய கிளாக்கர், சின்னக் கிளாக்கர், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, பெரிய கங்காணி செல்லசாமி என்று ஒரு படையே ராப்பகலாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

வடிவேல் இந்தத் தோட்டத்துப் பணிய லயத்தில், மலையடியில் இருந்த கூலியாட்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். பத்து வயசில் அப்பனும் ஆத்தாளும் ஒரே மாதத்தில் காய்ச்சலில் போய்விட, அக்காள் காளியாயிதான் அவனை வளர்த்தாள். மண்வெட்டி பிடிக்க வேண்டிய வயசில் பெரிய கங்காணியின் வாசலில் மூன்று நாள் நின்று மன்றாடி, அவனை அட்டன் பஜாரில் நாகரத்தினம் பிள்ளையின் ஜவுளிக்கடைக்கு அனுப்பி வைத்தவளும் அவள்தான். இப்போது அவனுக்கு இருபத்தாறு வயசு. வேட்டி வெள்ளையாக இருக்கும். கையில் கறை கிடையாது. லயத்துக்காரன் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது என்பதில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு. அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பின்னாளில் அவன் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன முப்பத்திரண்டாம் வருஷம் அது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். குறைந்த ஆட்கள் துணி எடுக்கவில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை, கொழும்புக் கோட்டையில் வெள்ளைக்காரர் கடை ஒன்று மூடும்போது ஒரு பொம்மையை வாங்கி ரயிலில் ஏற்றி வந்தார். இடுப்புக்கு மேலே சீமாட்டி, இடுப்புக்குக் கீழே ஒரு மரக்கால். கடை முகப்பில் கண்ணாடி போட்டு, பொம்மைக்குப் பனாரஸ் பட்டைச் சுற்றி, அதற்குள் நிறுத்தினார். சம்பள ஞாயிறன்று தோட்டத்துச் சனம் வந்தது. கண்ணாடிக்குள் வெள்ளைக்காரத் துரைசாணி நிற்பதைப் பார்த்தது. ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, ரோட்டின் மறு ஓரத்துக்குப் போய், அப்படியே எதிர்க்கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். கிழவன் ஒருவன் பொம்மைக்குச் சலாம் வைத்துவிட்டுப் போனான்.

பிள்ளை மறுநாளே கோவில் தேருக்கு வண்ணம் பூசுகிற கந்தப்பனைக் கூப்பிட்டு, துரைசாணியை மாநிறத்துக்கு மாற்றச் சொன்னார். கந்தப்பன் முகம், கை, கழுத்து எல்லாம் நன்றாகப் பூசினான். கண்ணில் மட்டும் கை வைக்க மறுத்துவிட்டான். உருவத்துக்குக் கண் திறப்பதென்றால் நாள் பார்க்க வேண்டும், தேங்காய் பழம் வைக்க வேண்டும், அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றான். பிள்ளை யோசித்தார். கண் நீலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்மானித்தார்.

சீலை கட்டும் வேலை வடிவேல் தலையில் விழுந்தது. கடையில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் சீலையை மடிக்கத் தெரியும், விரிக்கத் தெரியும், கிழிக்கத் தெரியும். உடம்பில் கட்டத் தெரியாது. வடிவேலுக்கு ஒரே ஒரு கட்டு தெரியும். விடிகாலையில், அடுப்பு வெளிச்சத்தில், அக்காள் அவசர அவசரமாகக் கட்டிக்கொள்கிற கட்டு. பின்கொசுவம், இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகிய முந்தானை, கூடைக் கயிறு நெற்றியை அறுக்காமலிருக்கத் தலையில் மடித்துப் போட்ட துணி. அதை அப்படியே பொம்மைக்குக் கட்டினான். லயத்திலிருந்து ஒரு பழைய கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து முதுகில் மாட்டினான். கூடையில் தோட்டத்து அடையாளம் சிவப்பு மையில் போட்டிருந்தது. வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. அதுவரை மரமும் சாந்துமாக இருந்ததை இனிமேல் இடுப்பைப் பிடித்துத் தூக்கி வைக்க முடியாது போல் இருந்தது. கடைக்காரர்கள் பொம்மைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, யோசிக்காமல் காளியாயி என்றான். அதன் பிறகு கடையில் அது காளியாயிதான். இன்றைக்குக் காளியாயிக்கு என்ன கலர் என்று பிள்ளையே கேட்பார்.

அடுத்த சம்பள ஞாயிறன்று கண்ணாடிக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். சீலை நன்றாக விற்றது. அக்காள் காளியாயியும் தன் பிள்ளைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்தாள். புருஷன் செத்து மூன்று வருஷமாகிறது. மழைக்கு இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அவள் இடுப்பில்தான் இருந்தது. பொம்மையை மேலும் கீழும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடேய், எங்கட்டுடா இது. சாக்கு ஒண்ணுதான் இல்ல."

பொம்மை அன்று உடுத்தியிருந்தது மாதுளம்பூச் சிவப்பு, மஞ்சள் கரை. அந்தச் சீலையின் மேல் அவள் கண் போய்ப் போய் வந்தது. கடைசியில், கேட்கக் கூடாததைக் கேட்கிறவள் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "தீவாளிக்கு இத எடுத்து வைக்கிறியா தம்பி?" என்றாள். வடிவேல் எடுத்து வைப்பதாகச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மூட்டம் பஜாரை மூடிக் கிடந்த நேரத்தில், பெரிய துரையின் கார் கடை வாசலில் நின்றது. பிள்ளை தபால் கந்தோருக்குப் போயிருந்தார். துரை இறங்கி வந்தார். பனி படிந்த கண்ணாடிக்குள் ஒரு கொழுந்துக்காரி, கூடையை மாட்டிக்கொண்டு, வேலை நாளில், புதுச் சீலை கட்டிக்கொண்டு, சும்மா நின்றாள். துரை பிரம்பால் கண்ணாடியைத் தட்டினார். துரைமார் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுகிற தமிழ் ஒன்று உண்டு. அதில் கேள்வியும் கட்டளையும் தவிர வேறொன்றும் கிடையாது.

"ஏய். வேலை நேரம். இங்க என்ன செய்யுது?"

பொம்மை பதில் சொல்லவில்லை. வாய் இல்லையா என்று துரை கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பொம்மையின் நீலக் கண்கள் துரையின் நீலக் கண்களுக்கு நேராகத்தான் இருந்தன. ஆனால் பதினைந்து வருஷத்தில் எந்தக் கொழுந்துக்காரியின் கண்ணையும் துரை பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

வடிவேல் வெளியே ஓடி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரட்டுக்களத்தில் எட்டு வயசில் படித்த பாடம் ஒன்று அவன் உடம்பில் இருந்தது. துரை பேர் கேட்டால் பேரைச் சொல்ல வேண்டும். தோட்டம் கேட்டால் தோட்டத்தைச் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொன்னால் அது வாய்க்கொழுப்பு.

"இது பேர் என்ன?" என்றார் துரை.

"காளியாயிங்க."

"எந்தத் தோட்டம்?"

வடிவேலின் கண் கூடையில் இருந்த சிவப்பு அடையாளத்துக்குப் போயிற்று. துரையின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

"கொக்குப்பாறைங்க."

துரை சட்டைப் பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். பொம்மைங்க என்ற சொல் வடிவேலின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கார் வளைவில் திரும்பி மறைந்த பிறகு, "பொம்மைங்க" என்று மூட்டத்தைப் பார்த்து ஒரு தரம் சொல்லிவிட்டு உள்ளே போனான். பொம்மைதானே, அதை யார் என்ன செய்துவிட முடியும் என்று அவனுக்கு ஒரு சமாதானமும் வந்தது.

மறுநாள் மத்தியானம் காளியாயி ஆறு மைல் நடந்து கடைப் பின்வாசலுக்கு வந்தாள். காலையில் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. பெயர் வெட்டியாகிவிட்டது. வேலை நாளில் பஜாரில் நின்றதைத் துரை கண்ணாலே கண்டாராம். பெயர் வெட்டினால் அரிசி இல்லை, ஒரு மாதத்துக்குள் லயத்தில் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். அப்புறம் தலைமன்னார், கப்பல், இந்தியா. அவள் இந்த மலையில் பிறந்தவள். கடலைப் பார்த்ததே இல்லை.

"நேத்து அஞ்சாம் நம்பர் மலையில முப்பத்தோரு ராத்தல் கொழுந்து எடுத்தேன்டா. நிறுத்தவங்க இருக்காங்க, பக்கத்து நிரையில அழகம்மா இருக்கா. எவனோ எம்பேரத் தொரைக்கிட்டச் சொல்லியிருக்கான். அவன் நல்லா இருக்கட்டும்."

வடிவேல் தலையைக் குனிந்துகொண்டு, சோறு தின்றாயா என்று கேட்டான். அந்த எவன் யார் என்பதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த இடம் சரியில்லை என்று நினைத்தான். சொல்வதற்குச் சரியான இடம் எது என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயந்தரமே ஆபீசுக்குப் போனான். பெரிய கிளாக்கர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரையும் கடிந்து பேச மாட்டார். வடிவேல் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். பொம்மை என்ற சொல் வந்ததும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அது பொம்மை எண்டு எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நானும் பாத்தனான், வடிவாத்தான் கட்டியிருக்கிறீர். ஆனால் துரை அதோட கதைச்சவரெல்லே. துரை பொம்மையோட கதைச்சவர் எண்டு ஆர் துரைக்குச் சொல்லுறது?"

வடிவேல் முப்பத்தோரு ராத்தலைப் பற்றிக் கேட்டான். அம்பலவாணர் நிறுவைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். காளியாயிக்கு நேரே முப்பத்தொன்று சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. அந்தக் கொழுந்து வந்தது உண்மை, அது அரைபட்டுத் தூளாகியும் விட்டது. ஆனால் அதை யாரும் பறிக்கவில்லை என்பதுதான் இப்போது ஆபீசின் நிலை.

"உம்மட அக்கா மலையில நிண்டவ எண்டு நான் நம்பிறன். நம்பிறது வேற, பதியிறது வேற. இருவத்திரண்டு வருசம் இந்தக் கதிரையில இருக்கிறன். நான் நம்பிறதை ஒரு நாளும் பதிஞ்சதில்லை. அதாலதான் இன்னும் இருக்கிறன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சங்கடமே இல்லை. பெருமைதான் இருந்தது. வழியும் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை விசாரணை வைக்கலாம். குற்றம் செய்தவள் துரைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். பணிவாக நிற்கிறவர்களைத் துரை மன்னித்துவிடுவார். பெயரைத் திரும்பப் போடச் சொல்வார். பெயர் புத்தகத்தில் ஏறிவிட்டால், அந்தப் பெயருக்கு யார் வந்து வேலை செய்கிறார்கள் என்பதை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். குற்றம் செய்தவள் என்பது எந்தக் காளியாயி என்று வடிவேல் கேட்டான். அம்பலவாணர் பரிதாபமாக அவனைப் பார்த்தார். துரை கண்டவளைத்தானே கொண்டுவர வேண்டும்.

தோட்டத்துக்குக் கம்பளி கொடுக்கும் குத்தகை பிள்ளையின் கடையில் இருந்தது. ஆகவே பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் பொம்மையைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, மாதுளம்பூச் சீலையோடு பொம்மை மாட்டு வண்டியில் மலையேறிற்று. வடிவேல் பின்னால் நடந்தான், பிள்ளையும் கூட வந்தார். ஆபீஸ் விறாந்தையில் அதை நிறுத்தி, மரக்காலை மறைத்துக் கொசுவத்தைச் சரிசெய்தான். பெரிய கங்காணி ஒரு பக்கம், கண்டாக்கு ஒரு பக்கம், தப்பி ஓடிவிடாமல் காவல் நின்றார்கள். ஏழெட்டு ஆட்களும் சாட்சிக்கு நின்றார்கள். எல்லோருக்கும் அது பொம்மை என்று தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காளியாயியை ஆபீசின் பின்பக்கம், விறகுக் கொட்டிலுக்குள் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசினார். அம்பலவாணர் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்தையும் பொம்மையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"துரை சொல்லுறார், தேயிலை விலை விழுந்து எல்லாருக்கும் கஷ்டம். துரையே இந்த வருசம் ரெண்டு குதிரையில ஒண்டை வித்துப்போட்டார். சீமையில கம்பெனியில பங்கு வச்சிருக்கிற ஒரு கிழவி, தன்ர நாய்க்கு இறைச்சியைப் பாதியாக் குறைச்சுப்போட்டன் எண்டு கடுதாசி எழுதியிருக்கிறா. நீ பஜாரில நிக்கேக்க அந்த நாயை ஒருக்கால் எண்டாலும் நினைச்சியோ எண்டு துரை கேக்கிறார்."

பொம்மை நினைத்ததாகத் தெரியவில்லை. துரை மேலும் இருபது நிமிஷம் பேசினார். ஆளுக்கு வீடு கொடுத்தோம், அரிசி கொடுத்தோம், அம்மை குத்தினோம், பெயர் கொடுத்து அதைப் புத்தகத்தில் எழுதியும் வைத்தோம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். மழை தூறிற்று. சாட்சிகளில் ஒருவன் தும்மினான். பொம்மை அசையவில்லை. பேசப்பேசத் துரையின் குரல் இளகிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்து, பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தம்முடைய தமிழிலேயே தீர்ப்புச் சொன்னார்.

"பதினஞ்சு வருசம். எல்லாம் அழும். காலில் விழும். பொய் பேசும். இது அழல. பேசல. இது நல்ல ஆள். பேர் போடு."

பெரிய கங்காணி, நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க தொரை என்று சேர்த்துக்கொண்டார். அம்பலவாணர் பேனாவை மையில் தொட்டார். காரியம் முடிந்தது என்று வடிவேல் மூச்சு விட்டபோது விறகுக் கொட்டில் பக்கம் அரவம் கேட்டது. பேர் போடு என்ற சொல் காளியாயிக்குக் கேட்டுவிட்டது. அவளை யாரும் தடுப்பதற்குள், இடுப்புச் சாக்கோடு வந்து, விறாந்தைக்குக் கீழே, மழையில் நின்று கும்பிட்டாள்.

"நான்தாங்க தொரை காளியாயி. அன்னைக்கு நான் மலையிலதாங்க நின்னேன். அது பொம்மைங்க."

துரையின் கழுத்து சிவந்தது. அவர் பொம்மையைப் பார்த்தார். காளியாயியைப் பார்த்தார். ஒருத்தி நிமிர்ந்து, புதுச்சீலையில், மறுபேச்சு இல்லாமல் நின்றாள். ஒருத்தி கறுத்து மெலிந்து, நனைந்து, துரை கேட்காததையெல்லாம் பேசிக்கொண்டு நின்றாள். துரைக்குள் அந்த நேரம் என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் அப்போது உண்மை தெரிந்திருக்கலாம். தெரிந்ததால்தான் இன்னும் சிவந்தாரோ என்னவோ. பிரம்பை வடிவேல் பக்கம் நீட்டினார்.

"நீ. அன்னைக்குக் கடையில பேர் சொன்னது நீ. காளியாயி எது?"

காளியாயி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். தன் பெயரைத் துரையிடம் சொன்ன அந்த எவன் யாரென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அவள் முகம் கோணவில்லை. இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

வடிவேல் சுற்றிப் பார்த்தான். அம்பலவாணர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கம்பளியை நினைத்துக்கொண்டிருந்தார். பேர் ஏறப் போகிறது, இப்போது குட்டையைக் குழப்பினால் எல்லாம் போய்விடும், பின்னால் கிளாக்கர் சரிப்படுத்திவிடுவார், அக்காளுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று அவன் மனம் அரை நிமிஷத்துக்குள் ஒரு வண்டி நியாயம் கொண்டுவந்து கொட்டிற்று. அத்தனையும் நியாயம்தான். பயம் மட்டும்தான் உண்மை.

"அதுங்க" என்று பொம்மையைக் காட்டினான்.

"இது யாரு?"

"தெரியாதுங்க."

காளியாயி முந்தானையால் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆபீஸ் தன் வேலையைச் செய்தது. பெயர் இல்லாத ஒரு பெண்பிள்ளை தோட்டத்துக்குள் எப்படி வந்தாள் என்று துரை கேட்டார். வேலை தேடி வந்தவளாக இருக்கும் என்று அம்பலவாணர் சொன்னார். அது அவர் செய்த பெரிய உபகாரம், அதை அவரே பின்னால் பலமுறை சொல்லிக்காட்டினார். புது ஆளுக்கு என்ன பெயர் என்று கேட்டபோது, பெயரும் அவரே கொடுத்தார். ராசம்மா. பழக்கமில்லாத கை என்பதால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க வேலை, பாதி நாள் பதிவு. காம்பரா காளியாயியின் பெயரில் இருந்தது. பிள்ளைகள் இரண்டும் காளியாயியின் பெயரில் இருந்தன. ஒண்டிக்கொள்ள இடமில்லாத ராசம்மா அங்கே தங்கி அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதிச் சீட்டு எழுதப்பட்டது. பின்னால் எல்லாவற்றையும் சரிப்படுத்துவது பற்றி வடிவேல் இரண்டு முறை போய்க் கேட்டான். துரையின் கையெழுத்து காய்ந்துவிட்டது என்று அம்பலவாணர் வருத்தத்தோடு சொன்னார்.

நல்ல ஆளை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது துரையின் விருப்பம். பொம்மை கடைக்குத் திரும்பவில்லை. பெரட்டுக்களத்தின் முன்னால் அதை நிறுத்தினார்கள். சாயம் கரைந்துவிடும் என்பதால் அதற்குத் தகரக் கூரை போட்டார்கள். ஆட்கள் வழக்கம்போல் மழையில் நின்றார்கள். கண்டாக்கு தினமும் காலையில் அதைக் காட்டிப் புத்தி சொன்னார். ஒரு நாள் லீவு கேட்டதுண்டா, சம்பளம் கூட்டச் சொன்னதுண்டா, காய்ச்சல் என்று படுத்ததுண்டா என்று கேட்பார். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு ஆள் தங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று போனார்கள். செக்குரோலில் காளியாயிக்கு ஒவ்வொரு நாளும் முழுப்பேர் விழுந்தது.

முதல் வாரத்தில் ஒரு சிறு குழப்பம் நடந்தது. பெயர் கூப்பிட்டபோது பழக்கதோஷத்தில், "இருக்கேங்க" என்று வரிசையிலிருந்து ராசம்மா குரல் கொடுத்துவிட்டாள். வேறு ஆளின் பெயருக்குப் பதில் சொன்னதற்காக அன்றைய அரைப்பேரும் போயிற்று. ஆனால் கூப்பிட்ட பெயருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெரட்டு முறைப்படி ஆகாது. அம்பலவாணர் யோசித்து, பொம்மைக்குத் துணி மாற்ற வருகிறவனே அதற்குப் பதிலும் சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தார். பிள்ளை ஒப்புக்கொண்டார். அதிலிருந்து வடிவேல் தினமும் விடியுமுன் எழுந்து ஆறு மைல் ஏறி வந்தான். லயத்திலிருந்து அவனை வெளியே அனுப்ப அக்காள் மூன்று நாள் நின்ற அதே பெரிய கங்காணி வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். பொம்மையைத் துடைப்பான், கொசுவத்தைச் சரிசெய்வான், பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பான், கடைக்கு இறங்குவான். வரிசையின் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான். இரண்டு முறை லயத்துக்குப் போய்க் காம்பரா வாசலில் நின்றான். பிள்ளைகள் வந்து, ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயின. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

தீபாவளிக்கு, வருஷத்தின் மிகச்சிறந்த ஆளுக்குத் துரை ஒரு சீலை கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் யாருக்கு என்பதில் போட்டியே இல்லை. பிள்ளையின் கடையிலிருந்து சீலை வந்தது. மாதுளம்பூச் சிவப்பு, மஞ்சள் கரை. பொம்மை முன்பு கட்டியிருந்த அதே ரகத்தில் புதுசு. வடிவேல் அக்காளுக்கென்று தாள் சுற்றி, பேர் எழுதி, மேல் தட்டில் எடுத்து வைத்திருந்தது அது. பேரைப் பார்த்த பிள்ளை, வேலை மிச்சம் என்று அதையே கொடுத்தனுப்பிவிட்டார். தாளில் காளியாயி என்றுதான் எழுதியிருந்தது.

துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் வடிவேல் சீலையைப் பிரித்துப் பொம்மைக்குக் கட்டினான். பின்கொசுவம் நிற்கவில்லை. இரண்டு முறை வைத்தான், இரண்டு முறையும் அவிழ்ந்து மரக்கால் தெரிந்தது. துரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது வரிசையிலிருந்து அவள் வெளியே வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அவன் கையிலிருந்த கொசுவத்தை வாங்கி, ஐந்து மடிப்பு மடித்து, இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்துச் சுற்றினாள். அந்தக் கரையை ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்தாள். அவள் மேல் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. பக்கத்தில் இவ்வளவு நெருங்கி அவளை அவன் பார்த்து மாதங்களாகிவிட்டன.

"அக்கா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கடைக்காரரிடம் பேசுகிற மரியாதையோடு பேசினாள்.

"நான் ராசம்மாங்க. ஒங்க அக்கா அந்தா நிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளுங்கய்யா, வரிசைக்குப் போகணும்."

வடிவேல் தள்ளி வழிவிட்டான். அவள் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. அம்பலவாணர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, செக்குரோலைப் பிரித்து, "காளியாயி" என்று கூப்பிட்டார்.

துரை பார்த்துக்கொண்டிருந்தார். தகரக் கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில் நின்றுகொண்டு, "இருக்காங்க" என்று வடிவேல் குரல் கொடுத்தான்.